குளிர்காலத்துக்கு வீட்டுக்குள் எடுத்த மிளகாயிலும் கறிவேப்பிலையிலும் அசுவினி: ஒழிக்க முழு வழிகாட்டி

டொராண்டோ பக்கம் கறிவேப்பிலை, மிளகாய், செம்பருத்தித் தொட்டிகளைச் செப்டம்பரில் வீட்டுக்குள் எடுத்து வைப்பவர்களுக்கு, நவம்பரில் வரும் முதல் அறிகுறி பெரும்பாலும் இலையில் தெரியாது, தரையில்தான் தெரியும். ஜன்னலடியில் கால் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். யாரோ சர்பத்தைச் சிந்திவிட்டார்கள் என்று துடைத்தால் இரண்டு நாளில் மறுபடி ஒட்டும். அப்போது மிளகாய்க் குருத்தைப் பிடித்து இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையாக, கடுகைவிடச் சிறிதாக, நடு நரம்பையொட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் அசுவினி என்பதும், இலங்கையில் அழுக்கணவன் என்பதும் இதைத்தான்.

வீட்டுக்குள் இதை முழுதாக ஒழிக்க முடியும். வெளித் தோட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுச் செடியிலிருந்து பறந்து வந்துகொண்டே இருக்கும். மூடிய ஜன்னலுக்குள் புதிதாக எதுவும் வருவதில்லை. அதனால் இங்கே மருந்தின் வீரியம் இரண்டாம்பட்சம்தான். ஒன்றையும் விடாமல் நனைக்கிறோமா, சரியான இடைவெளியில் திரும்ப அடிக்கிறோமா என்பதே முக்கியம்.

ஏன் இப்படிப் பெருகுகிறது

மிளகாயில் அதிகம் காண்பது பச்சைப் பீச் அசுவினி, அறிவியல் பெயர் மைசஸ் பெர்சிகே. குளிர்நாட்டில் வெளியே வாழும்போது இலையுதிர் காலத்தில் பகல் குறுகியதும் ஆணும் பெண்ணுமாகப் பிறந்து, பீச் போன்ற மரங்களில் முட்டையிட்டு, குளிர்காலத்தை முட்டையாகவே கடத்தும். வீட்டுக்குள் 20 டிகிரி சூடும் விளக்கு வெளிச்சமும் இருப்பதால் அந்தச் சுழற்சியே தேவைப்படுவதில்லை. எல்லாம் பெண், எல்லாம் ஆண் துணையின்றி நேரே குட்டி போடும். பிறக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக்கான கரு உருவாகத் தொடங்கியிருக்கும். 20 முதல் 22 டிகிரியில் ஏழு முதல் பத்து நாளுக்குள் அந்தக் குஞ்சே தாயாகிவிடும். ஒன்று தன் ஆயுளில் சில டஜன் குஞ்சுகளைப் போடும். வெளியே இருந்த மழையும் பொறிவண்டும் உள்ளே இல்லை. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் இது முட்டையிடுவதில்லை. வெள்ளை ஈயையும் செஞ்சிலந்தியையும் அடித்தால், மருந்து படாத முட்டை பொரித்து மறுபடி கிளம்பும். அசுவினிக்கு அந்த ஒளிவிடம் இல்லை. மருந்தடித்த பிறகு திரும்ப வந்தால், உயிரோடு நின்ற ஒன்றை நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று பொருள்.

முதலில் அசுவினிதானா என்று உறுதி செய்யுங்கள்

பிசுபிசுப்பை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் இதே இனிப்புக் கழிவைத்தான் சொரியும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி இலையின் அடியைப் படம் எடுங்கள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பேரிக்காய் வடிவ உடலும், பின்பக்கம் இரண்டு சின்னக் குழாய்கள் புகைபோக்கிபோல நீட்டிக்கொண்டும் இருந்தால் அசுவினி. தண்டோடு ஒட்டிய, நகத்தால் சுரண்டினால் பெயரும் பழுப்பு மேடு என்றால் செதில் பூச்சி. பஞ்சு போல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. இலையில் ஊசி குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் இருந்து, பிசுபிசுப்பு இல்லையென்றால் செஞ்சிலந்தி.

கறிவேப்பிலையில் இந்தக் குழப்பம் அதிகம். வீட்டுக்குள் இருக்கும் கறிவேப்பிலையில் பிசுக்கு வந்தால் முதலில் தண்டில் செதில் பூச்சியைத் தேடுங்கள். அசுவினி அதன் இளந்துளிரில்தான் உட்காரும், முற்றிய இலையைப் பெரும்பாலும் சீண்டாது. மிளகாய், கத்தரி, செம்பருத்தி மூன்றும்தான் அசுவினிக்கு விருந்து.

இலை மேல் தவிடு தூவியது போல வெள்ளைத் துகள்கள் கிடந்தால் அவை அசுவினி கழற்றிப்போட்ட சட்டைகள். ஒவ்வொரு குஞ்சும் வளர்வதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். இதை வெள்ளை ஈ என்று நினைத்து வேறு மருந்து வாங்குபவர்கள் பலர். செடியை லேசாக உலுக்குங்கள். வெள்ளை ஈ என்றால் பறக்கும், சட்டை பறக்காது.

செப்டம்பர் வேலை: வாசலைத் தாண்டுவதற்கு முன்

இரவு வெப்பம் 12 டிகிரியை நெருங்கும்போது, டொராண்டோவில் ஏறக்குறைய செப்டம்பர் நடுவில், தொட்டிகளை உள்ளே எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். தோட்டக் குழாயால் பத்து நிமிடத்தில் முடியும் காரியத்தை ஜனவரியில் குளியலறையில் செய்ய ஒரு மாலை முழுக்கப் போகும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அசுவினி தன் ஊசி வாயைச் செடிக்குள் செருகியபடி இருக்கும். வேகமாகத் தள்ளினால் பலவற்றுக்கு அந்த வாய் உடைந்துபோகும், விழுந்தவை செடியேறித் திரும்புவது அபூர்வம். தொட்டிக்குள் எறும்பு குடியிருந்தால் தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் மண் மூழ்க அரை மணி நேரம் வைத்து எறும்பை வெளியேற்றுங்கள். இனிப்புக்காக அசுவினியைக் காவல் காக்கும் எறும்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

மிளகாய்ச் செடியை அடுத்த வருடத்துக்கு உயிரோடு காப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், சுலபமான வழி கடுமையாக வெட்டுவதுதான். கீழிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், முதல் கவை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டி, எல்லா இலையையும் காயையும் அகற்றிவிடுங்கள். வேர்க்கட்டியைத் தண்ணீரில் அலசி, புதிய தொட்டிக் கலவையில் நட்டு, 10 முதல் 13 டிகிரி இருக்கும் பேஸ்மென்ட் மூலையில் வைத்து, மண் கிட்டத்தட்டக் காய்ந்த பிறகு மட்டும் அரை டம்ளர் தண்ணீர் விடுங்கள். இலையில்லாத கட்டைத்தண்டில் அசுவினிக்கு உண்ண எதுவும் இல்லை. கறிவேப்பிலைக்கு இந்த முறை வேண்டாம். அதற்கு வெளிச்சமான ஜன்னலும் இலையும் தேவை. நுனியை மட்டும் இரண்டு இலைக்கு மேல் கிள்ளிவிட்டால் பக்கக் கிளையும் வரும், துளிரோடு அசுவினியும் போகும்.

உள்ளே எடுத்த தொட்டிகளை மூன்று வாரமாவது மற்ற வீட்டுச் செடிகளிலிருந்து தனி அறையில் வையுங்கள். கூடவே ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி. அது அசுவினியை ஒழிக்காது. கூட்டம் நெரிசலானதும் சிறகு முளைத்துக் கிளம்புபவை மட்டுமே அதில் ஒட்டும். அப்படி ஒன்று ஒட்டியிருந்தால், எங்கோ ஒரு செடியில் கூட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்ற தகவல் கிடைக்கும்.

தாக்குதல் வந்துவிட்டால்: முதல் நாள்

மூன்று வேலைகள், இதே வரிசையில்.

ஒன்று, வெட்டு. அசுவினி மொய்த்த குருத்துகளையும் மொட்டுகளையும் கிள்ளி உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். சமையலறைக் குப்பைக்கூடையில் திறந்து போட்டால் நடந்து வெளியே வரும். மிளகாய்ப் பூவின் காம்படியிலும் புல்லிவட்டத்தின் மடிப்பிலும்தான் எந்த மருந்தும் எட்டாமல் ஒளிந்திருக்கும். குளிர்காலத்தில் அந்தப் பூ காய்த்து எதுவும் ஆகப்போவதில்லை, தயங்காமல் கிள்ளுங்கள்.

இரண்டு, கழுவல். தொட்டியின் மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடித் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மண் சகதியாகி வேர் அழுகும், விழும் அசுவினியும் மண்ணிலேயே தங்கும். செடியைக் குளியல் தொட்டியில் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஷவரில் கீழிருந்து மேலாக அடியுங்கள். இடதுகையின் இரண்டு விரலால் குருத்தைத் தாங்கிக்கொண்டு அடித்தால் ஒடியாது. கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

மூன்று, சோப்புக் கரைசல். நீர் வடிந்த பிறகு அடிக்க வேண்டும்.

சோப்பு: எது, எவ்வளவு, எப்படி

வேலை செய்வது பொட்டாசியம் உப்பாக உள்ள கொழுப்பமிலம், அதாவது உண்மையான சோப்பு. அது பூச்சியின் மென்தோலைக் கெடுத்து உடல்நீரை வெளியேற வைக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது, இலையின் மெழுகுப் படலத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். இரண்டு நாளில் இலை விளிம்பு கருகினால் காரணம் இதுதான்.

சிறந்தது செடிகளுக்கென்று பதிவு பெற்ற பூச்சிக்கொல்லி சோப்பு. கனடாவில் அதன் லேபிளில் பி.சி.பி. (பூச்சிக்கொல்லிகளுக்கான அரசுப் பதிவு) எண் இருக்கும். கலந்து தயாராக உள்ள போத்தலை அப்படியே அடிக்கலாம். அடர்கரைசல் வாங்கினால் லேபிள் சொல்லும் அளவில் கலக்குங்கள். இலக்கு பொதுவாக 1 முதல் 2 சதவீதம், எனவே 50 சதவீத அடர்வுள்ளதில் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. என்றால் 1 சதவீதம் வரும். அது கிடைக்காதபோது வாசனை சேர்க்காத திரவ காஸ்டைல் சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி., அதாவது இரண்டு தேக்கரண்டி. இதைவிடக் கூட்டினால் பூச்சி வேகமாகச் சாகாது, இலைதான் கருகும்.

தண்ணீர் முக்கியம், பலர் இதைக் கவனிப்பதில்லை. கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரியாக்கிவிடும். திரிந்த சோப்பு பூச்சியைக் கொல்லாது, தெளிப்பான் முனையையும் அடைக்கும். கலந்ததைக் கண்ணாடி டம்ளரில் கால் மணி நேரம் வையுங்கள். மேலே தயிர்த்திரி போல ஆடை மிதந்தால் அந்தத் தண்ணீர் உதவாது, கடையில் விற்கும் வாலைவடிநீரில் கலக்குங்கள். ஒன்டாரியோவில் கிச்சனர், வாட்டர்லூ பக்கத்தில் குழாய்த் தண்ணீர் நன்றாகவே கடினம்.

முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து 24 மணி நேரம் பொறுங்கள். பன்னம், ஜேட், போயின்செட்டியா போன்றவை சோப்பைத் தாங்காது.

சோப்பு ஈரமாக இருக்கும் வரைதான் கொல்லும். காய்ந்த பிறகு அந்த இலைமேல் அசுவினி நடந்தாலும் எதுவும் ஆகாது. குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓடும் வீட்டின் காற்று அவ்வளவு வறண்டிருக்கும் என்பதால், மேலோட்டமாகத் தூவிய கரைசல் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். எனவே சூடான காற்று வரும் துவாரத்துக்குத் தொலைவில், வெயில் விழாத மாலையில், சொட்டச் சொட்ட நனையுங்கள். அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் கடைசியில். இலைக்காம்பு தண்டோடு சேரும் அக்குள், குருத்தின் மடிப்பு, தொட்டியின் விளிம்பு மூன்றையும் விடக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். இலையும் தப்பும், செத்துக் காய்ந்து ஒட்டியிருப்பதை உயிரோடு இருப்பதாக நினைத்து அடுத்த நாள் பதறவும் வேண்டாம்.

சிறிய தொட்டி என்றால் தெளிப்பதைவிட முக்குவது மேல். ஒரு வாளியில் 10 லிட்டருக்கு 100 மி.லி. சோப்பு கலந்து, மண்ணைப் பையால் கட்டி, கையை விரித்துத் தொட்டி வாயில் அண்டக் கொடுத்து, செடியைத் தலைகீழாக அரை நிமிடம் அலசுங்கள். எந்த மடிப்பும் தப்பாது.

திரும்பத் திரும்ப: 0, 4, 8, 12

முதல் நாளை 0 என்று வைத்து, 4, 8, 12 ஆகிய நாட்களிலும் சோப்பு அடியுங்கள். இந்த இடைவெளி ஏன்? முதல் முறை தப்பிய புதுக்குஞ்சு தாயாக ஏழு நாளாவது வேண்டும். அதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் அது குட்டி போடும் முன்பே செத்துவிடும். தோல்வியடைபவர்களில் பெரும்பாலோர் 0-ஆம் நாளில் அருமையாக அடித்துவிட்டு, செடி சுத்தமாகத் தெரிவதால் 4-ஆம் நாளை விட்டுவிடுகிறார்கள். பிறகு மூன்று வாரம் கழித்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று கடுமையான ஒன்றைத் தேடிப் போகிறார்கள். நாட்காட்டியில் நான்கு தேதியையும் முதலிலேயே வட்டமிடுங்கள்.

12-ஆம் நாளுக்குப் பிறகு வாரம் ஒருமுறை, நான்கு வாரம், வெள்ளைத் தாளைக் குருத்துக்குக் கீழே பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு விழுந்தால், 70 சதவீத ரப்பிங் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சால் அந்தக் கிளையில் மீதியிருப்பவற்றைத் தேடித் தொடலாம். இது ஒன்றிரண்டுக்குத்தான். முழுச் செடிக்கும் ஆல்கஹால் தெளிப்பது இலைக்கு ஆபத்து.

பிசுக்கு படிந்த இலையைத் துடைக்க மறக்காதீர்கள். விட்டால் அதன்மேல் கரும்பூசணம் படரும். அது செடியைத் துளைப்பதில்லை, ஆனாலும் ஏற்கெனவே பற்றாத குளிர்கால வெளிச்சத்தை இன்னும் மறைக்கும்.

வேப்பெண்ணெயும் கடை மருந்துகளும்

ஊர்ப் பழக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது வேப்பெண்ணெய். கனடாக் கடைகளில் அது பெரும்பாலும் இலைப் பளபளப்புக்கான பொருளாகத்தான் கிடைக்கும். குளிரில் போத்தலிலேயே உறைந்துபோகும், மூடிய வீட்டில் நாற்றம் நாள்கணக்கில் நிற்கும், அசுவினியை மெதுவாகத்தான் அடக்கும். வீட்டுக்குள் சோப்பு இருக்கும்போது இதற்கு அவசியமில்லை என்பதே எங்கள் கருத்து.

கறிவேப்பிலையும் மிளகாயும் சாப்பிடுகிற செடிகள். வேர் வழியே ஊடுருவும் மருந்துகள் இலைக்குள் வாரக்கணக்கில் தங்கும், அவை வேண்டவே வேண்டாம். பைரெத்ரின் தெளிப்பு மீன்களுக்குக் கொடிய நஞ்சு, மீன்தொட்டி உள்ள அறையில் அடிக்காதீர்கள். இன்னொன்று: பச்சைப் பீச் அசுவினி பல வகை ரசாயன மருந்துகளுக்குப் பழகிப்போன இனம். சோப்புக்கு அது அப்படிப் பழகியதாகத் தெரியவில்லை என்பதும் சோப்பின் பக்கம் நிற்க ஒரு காரணம்.

நன்மை செய்யும் பூச்சிகள்

தொட்டிகள் பத்துப் பதினைந்து இருந்தால் இதை யோசிக்கலாம். பொறிவண்டு வாங்காதீர்கள், வீட்டுக்குள் விட்டால் நேரே ஜன்னல் கண்ணாடிக்குப் பறந்து அங்கேயே காய்ந்து சாகும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்குச் சிறகில்லை, செடியிலேயே ஊர்ந்து தின்னும். ஏஃபிடியஸ் கோல்மானி என்ற நுண்குளவி பச்சைப் பீச் அசுவினிக்குள் முட்டையிடும், அந்த அசுவினி ஊதிப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். செப்டம்பரில் தோட்டத்துச் செடியிலேயே இப்படிப்பட்ட பழுப்புக் கூடுகளைப் பார்த்தால் அந்த இலையைக் கிள்ளாமல் விடுங்கள், இலவசக் காவல் அது. அசுவினியைத் தின்னும் கொசு போன்ற ஏஃபிடோலெட்டஸ் குறும்பகலில் உறங்கிவிடும், நீண்ட நேரம் எரியும் வளர்விளக்கு இல்லாத வீட்டில் பணம் வீண். எதை விட்டாலும் அதற்கு முன் ஒரு சுற்றுச் சோப்பு அடித்துக் கூட்டத்தைக் குறைத்துக் கழுவிக் காயவிடுங்கள். காய்ந்த சோப்பு இவற்றைக் கொல்லாது.

மேலே ஒன்றுமில்லை, செடி மட்டும் வாடுகிறது

தண்ணீர் சரியாக இருந்தும் செடி சோர்ந்து மஞ்சளித்தால் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரோடு வெள்ளை மெழுகுப்பொடி பூசியது போலப் பூச்சிகள் இருந்தால் அது வேர் அசுவினி. சோப்பு மேலே அடித்துப் பயனில்லை. மண்ணை முழுதாக உதறி, வேரை வெதுவெதுப்பான நீரில் மூன்று நான்கு முறை அலசி, பழைய மண்ணைப் பையில் கட்டி எறிந்து, சுடுநீரில் கழுவிய தொட்டியில் புது மண்ணோடு நடுங்கள். மண்ணிலிருந்து சிறகுள்ளவை கிளம்பினால் பூஞ்சைக் கொசு என்று தவறாக எண்ணலாம். கொசுவுக்குக் கால் நீளம், சுறுசுறுப்பாக ஓடும். அசுவினி குண்டாக, மந்தமாக நகரும்.

உரமும் தண்ணீரும்

நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுவரை உரத்தை நிறுத்துங்கள். வெளிச்சம் குறைந்த காலத்தில் தழைச்சத்து கொடுத்தால் நீண்டு வெளிறிய, மெத்தென்ற தளிர் வரும். சாற்றில் நைட்ரஜன் மிகுந்த அந்தத் தளிரில்தான் அசுவினி மிக வேகமாகப் பெருகும். பேஸ்மென்டில் தூங்கிய மிளகாயைப் பிப்ரவரி கடைசியில் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போது முதல் துளிரை வாரம் இருமுறை திருப்பிப் பாருங்கள், இரண்டாவது அபாயக் காலம் அதுதான்.

எல்லாச் செடியையும் காப்பாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அசுவினி போன பிறகும் மிளகாயின் புது இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் தேமலிட்டு, சுருங்கிச் சிறுத்தே வந்தால் வைரஸ் நோயாக இருக்கலாம். வெள்ளரித் தேமல் வைரஸ் உட்படப் பலவற்றைப் பரப்புவது இதே அசுவினிதான். அதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு பையில் கட்டி எறிந்துவிட்டு, மார்ச்சில் விதை போடுங்கள். பத்து வருடக் கறிவேப்பிலைக்காகப் போராடலாம், ஒரு வருட மிளகாய்க்காக மற்ற தொட்டிகளைப் பணயம் வைப்பது சரியில்லை.

மே மாதம் விக்டோரியா தின வார இறுதியை ஒட்டி உறைபனிப் பயம் நீங்கியதும், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, பத்து நாளில் தொட்டிகளை முழுதாக வெளியே விடுங்கள். அதற்குப் பிறகு இலையடியில் நான்கைந்து அசுவினி தென்பட்டாலும் சோப்புப் போத்தலை உடனே எடுக்க வேண்டாம். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், பொறிவண்டு வந்திருக்கும்.